மாலைக்கு இரண்டு கழுத்து

எனக்குத் தலைமைத்துவம் போதாது என்று இலாகா கண்டுபிடித்த அதே வாரத்தில்தான் என் தங்கை குடியிருக்கும் வரிசையில் இன்னொருவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. இரண்டு செய்தியும் ஒரே காலையில் என் கைப்பேசிக்கு வந்தன. தங்கை அனுப்பியதில் எதிர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும் படம். இலாகா அனுப்பியதில் ஆயர் குரோ ஹோட்டல் ஒன்றின் படம், நீச்சல் குளத்தோடு.

நான் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பரிசோதகர். சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவர் வீட்டு வாளிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் என்று ஒன்று விடாமல் கொசுப்புழு தேடுவேன். கிடைத்தால் சம்மன் எழுதுவேன். சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் என் கண் குளியலறைப் பக்கம்தான் போகும். அதனால் என்னை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு.

தங்கை இருப்பது பாயா ரும்புட் பக்கம் மலிவு விலை வீடுகள் கொண்ட ஒரு தாமானில். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்று வீடமைப்புக்காரர் கைக்குப் போனபோது அங்கே வேலை செய்து குடியிருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இங்கே வந்து சேர்ந்தன. கோவிலும் கூடவே வந்தது. கோவில் சண்டையும் வந்தது, லோரி வாடகைகூடக் கேட்காமல்.

தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். பல வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் கோவிலின் சாமான் கொட்டகை. கடைசி மாதங்களில் டிங்கி கண்டால் தாய்க்கு என்ன ஆகும், பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வார்டில் பார்த்திருக்கிறேன். தெரிந்திருப்பதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை, பயம்தான் கூடுதல். அவளிடம் அதைச் சொல்லாமல் கொசுவலை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்துப் பேசிவிட்டு வந்தேன். காரில் ஏறியதும் அழுதேன்.

அந்த வரிசைக்குப் புகை அடிக்கவும், வீடு வீடாகப் பார்க்கவும் கூடுதல் ஆள் வேண்டும் என்று மேலதிகாரியிடம் போய் நின்றேன். ஆள் இல்லை, எல்லாரும் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போகிறார்கள், உன் பெயரும் இருக்கிறது என்றார். ஆக, நெருக்கடியின்போது முன்னின்று நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காக, நெருக்கடியை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு நாங்கள் அனைவரும் ஹோட்டலுக்குப் போனோம்.

பயிற்றுநர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். காதில் மாட்டிய மைக், முனை கூர்ந்த சப்பாத்து, எதற்கும் கலங்காத பற்கள். பொதுச் சுகாதாரத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அவரே முதலில் பெருமையாகச் சொன்னார். போன மாதம் வங்கிக்காரர்களுக்கும் அதற்கு முந்தைய மாதம் சிமெண்டு கம்பெனிக்கும் இதே பாடத்தை நடத்தினாராம். தலைமைத்துவம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றார். அப்படியானால் சிமெண்டு கம்பெனிக்காரனையே அனுப்பிப் புகை அடிக்கச் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. காலைப் பலகாரத்தில் கறிபாப் நன்றாக இருந்தது.

முதலில் எங்கள் குணத்துக்கு நிறம் பார்த்தார்கள். கேள்விகளுக்குப் பதில் எழுதினால் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று ஏதாவது ஒன்று வரும். சிவப்பு வந்தவர் பிறவித் தலைவர். எனக்குப் பச்சை. பச்சை என்றால் பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு அனுசரித்துப் போகிறவராம். தங்கையிடம் போனில் சொன்னேன். சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது, வயிற்றுப் பிள்ளையும் உதைத்ததாம்.

பிறகு அவிக்காத ஸ்பகெட்டிக் குச்சிகளையும் மிட்டாயையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். எங்கள் கோபுரம் சாய்ந்தது. அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று மாஜோங் பேப்பர் எனும் பெரிய தாளில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். ஸ்பகெட்டியை அவித்துத் தின்ன வேண்டும் என்று நான் எழுத நினைத்தேன். எங்கள் குழு 'ஒற்றுமை' என்று எழுதியது. அடுத்த குழுவின் கோபுரம் சாயவில்லை, அவர்களும் 'ஒற்றுமை' என்றுதான் எழுதியிருந்தார்கள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் போவதற்காகக் கைதட்டி, குதித்து, குழுவின் பெயரைக் கத்த வேண்டும். எங்கள் குழு புலிக் குழு. அரசாங்க உடையில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆட்கள், ஹோட்டல் கம்பளத்தின் மேல் நின்று உறுமினோம்.

எங்கள் குழுவில் சிவப்பு வந்தவர் ஓர் இளம் டாக்டர். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். நான் 'ஆமா' என்று சொல்லும் இடத்தில் அவர் 'ஓம்' என்பார். தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் ஆங்கிலத்தில் போய் முடிப்பார். நல்ல பெண். தனக்குச் சிவப்பு வந்ததில் என்னைவிட அவருக்குத்தான் அதிக ஆச்சரியம்.

"அக்கா, நான் வீட்டுல நாய்க்குட்டிய உக்கார சொன்னாகூட அது உக்காராதுலா," என்றார்.

பயிற்சியின் பெரிய அங்கம் களப்பணி. ஒவ்வொரு குழுவும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொண்டு அங்கே மக்களைத் திரட்டி ஒரு மாற்றத்தைக் கொண்டுவர வேண்டும். சில வாரம் கழித்து நிறைவு விழாவில் அதைப் படம் போட்டுக் காட்ட வேண்டும். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. டாக்டரிடம் தங்கையின் நிலைமையைச் சொல்லி, அவள் தாமானையே எடுக்கும்படி கெஞ்சினேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். மேலதிகாரியிடம் கேட்டுக் கிடைக்காத ஆட்கள் புலிக் குழு என்ற பெயரில் எனக்குக் கிடைத்துவிட்டார்கள். பயிற்றுநரைப் பற்றி அன்று மட்டும் நல்லபடியாக நினைத்தேன்.

அடுத்த நாளே அந்த நினைப்பு போய்விட்டது. குடியிருப்பில் செல்வாக்குள்ளவர்கள் யார் என்று வட்டம் வட்டமாக வரைந்து, அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர்தான் நமது சாம்பியன், அவரைப் பிடித்தால் ஊரே பின்னால் வரும் என்றார்.

நான் கையைத் தூக்கி விளக்கினேன். இந்தத் தாமானில் செல்வாக்கு என்றால் கோவில் தலைவர்தான். ஆனால் கோவிலுக்கு இரண்டு தலைவர்கள். தோட்டத்திலிருந்து சாமியோடு லோரியில் ஏறி வந்தவர் பழைய தலைவர். பிறகு நடந்த கூட்டத்தில் கைதூக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் புதுத் தலைவர். அந்தக் கூட்டமே செல்லாது என்பது பழையவர் கட்சி. பழையவரே செல்லாது என்பது புதியவர் கட்சி. வழக்கு எங்கோ கிடக்கிறது. திருவிழா வந்தால் வாசலில் இரண்டு பேனர், இரண்டு முகம். பரிவட்டம் யாருக்கு முதலில் என்று ஒரு வருடம் போலீஸ் வண்டி வந்து நின்றது. சாமான் கொட்டகைக் கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுக்கொண்டதால், சமையல் அண்டாக்கள்கூட உள்ளேயே மாட்டிக்கொண்டன. ஒருவருக்கு மாலை போட்டால் அடுத்தவர் வீட்டுப் படியை நாம் மிதிக்க முடியாது.

பயிற்றுநர் பொறுமையாகக் கேட்டார். பச்சை நிறத்துக்காரர்கள் எப்போதும் தடைகளைத்தான் பார்ப்பார்கள் என்று மற்றவர்களிடம் அன்போடு விளக்கினார். ஒரு மாற்றத்துக்கு ஒரு சாம்பியன் என்று மாஜோங் பேப்பரில் எழுதிக் கோடும் போட்டார். குழு வாக்களித்துப் புதுத் தலைவரைத் தேர்ந்தது. அவரிடம் லோரியும் கூடாரமும் இருந்தன, வாட்சாப்புக்கு உடனே பதில் போடுவார், படத்துக்குப் பாந்தமாக மீசையும் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் செய்யும் கூட்டுப்பணி. தாமானைச் சுத்தம் செய்வதுதான் நோக்கம். ஆனால் நம் ஆட்கள் பொன்னாடை போடாமல் ஒரு துடைப்பத்தைக்கூட எடுக்க மாட்டார்கள். புதுத் தலைவருக்கு ரோசா மாலை, டாக்டருக்குப் பொன்னாடை, பிறகு 'அவர்களே, அவர்களே' என்று நீளமாக ஒரு பேச்சு. புதுத் தலைவர் துடைப்பத்தைப் பிடித்தபடி படத்துக்கு நின்றார். படம் எடுத்து முடிந்ததும் துடைப்பம் அதன் சொந்தக்காரியிடம் திரும்பிப் போனது.

நாங்கள் வரிசையில் இறங்கினோம். பாதி வீடுகள் கதவைத் திறந்து வரவேற்று, கொசுப்புழு மருந்தை வாங்கிக்கொண்டு, மைலோவும் கொடுத்தன. மீதிப் பாதி அப்படியே மூடிக்கிடந்தது. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. "வீட்டுல யாரும் இல்லை" என்று உள்ளேயிருந்தே ஒருவர் எங்களுக்குத் தகவலும் சொன்னார். அவ்வளவு மரியாதையான ஊர்.

மூடிய வீடுகளில் ஒன்று என் தங்கை வீடு. அவள் மாமனாரும் பழைய தலைவரும் மாமன் மச்சான் உறவு. இரும்புக் கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றாள்.

"மாமா தொறக்க வேணாம்னு சொல்லிட்டாருக்கா. அந்தாளுக்கு மாலை போட்டவங்க இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதாம்."

"நான் உன் அக்காடி!"

"தெரியும்லா. சாயங்காலம் யூனிஃபார்ம் போடாம வா. தோசை சுட்டு வைக்கிறேன்."

உடம்பெல்லாம் எரிந்தது. என் தங்கை வீட்டு வாளியை நான் பார்க்க முடியவில்லை, எவன் கழுத்திலோ கிடந்த ஒரு மாலைக்காக. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி இல்லை, அந்தப் பங்கையும் சேர்த்துக் கொசுதான் கொண்டாடியது.

சாயங்காலம் சேலை கட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்தது. மாமனார் என்னைப் பார்த்து, "வாம்மா, சாப்பிட்டியா?" என்று வழக்கம்போல் கேட்டார். காலையில் தெருவில் நின்றவள் வேறு யாரோ என்பதுபோல் இருந்தது அவர் முகம். தோசை தின்று, கை கழுவும் சாக்கில் பின்கட்டு முழுவதையும் பார்த்து முடித்தேன். சுத்தம். ஆனால் பின்சுவருக்கு அப்பால் கொட்டகைக் கூரையில் ஒரு தகரம் பெயர்ந்து கிடந்தது. மழை நேராக உள்ளே போகும். உள்ளே இருப்பது அண்டாக்கள். அவை வாய் மேல்நோக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. கொசு அந்தச் சுவரைத் தாண்டினால் என் தங்கையின் படுக்கை அறை.

கொட்டகையை அப்புறம் பார்ப்போம், முதலில் மூடிய வீடுகள் என்று முடிவு செய்தேன். அதற்கு வழியைத் தங்கையின் மாமியாரே வாயைத் திறந்து கொடுத்தார். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு. எல்லாருக்கும் வாட்சாப்பில் அழைப்பு அனுப்பிவிடலாம் என்று தங்கை சொன்னாள். மாமியாருக்கு வந்ததே கோபம்.

"போன்லயா வளைகாப்புக்குக் கூப்புடுவாங்க? குங்குமச் சிமிழ எடுத்துக்கிட்டு வீடு வீடா போகணும். இல்லன்னா எவ வருவா?"

"அத்தை, நானும் உங்ககூட வரேன்," என்றேன்.

குங்குமம் கொண்டு வருகிறவளுக்குக் கதவைத் திறக்காத வீடு எங்கள் ஆட்களிடம் கிடையாது. எந்தக் கட்சியானாலும் சரி. உள்ளே அழைத்து, உட்கார வைத்து, ஒரு வாய்த் தண்ணீராவது கொடுத்தாக வேண்டும். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன், அத்தை குங்குமம் கொடுத்தார். என் கைப்பையில் டார்ச்சும் மருந்துப் பொட்டலங்களும் இருந்தன. அத்தை யார் வீட்டுப் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்று பேச்சுக் கொடுக்கும்போது நான் கழிவறைக்குப் போவேன். ஒவ்வொரு வீட்டிலும் போனேன். சர்க்கரை நோய் முற்றிவிட்டது போலிருக்கிறது, பாவம், என்று தாமானில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். பழைய தலைவர் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் நெளிந்ததை நானே கவிழ்த்தேன். அவர் மனைவி பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் மற்றத் தட்டுகளையும் அவரே கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு இன்னொரு கிண்ணம் பாயசம் கொடுத்தார்.

வீடுகள் முடிந்தன. மிஞ்சியது கொட்டகை.

அதற்கு முறைப்படி நோட்டீஸ் எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொட்டகையைத் திறந்து காட்டவும் என்று கோவில் தலைவருக்கு. புழு இருந்தால் சம்மனும் அவர் பேரில்தான். முதலில் புதுத் தலைவரிடம் போனேன். நோட்டீசை அவர் கையால்கூடத் தொடவில்லை.

"நான் எங்கம்மா தலைவர்? அதான் கேஸ் நடக்குதுல்ல. தீர்ப்பு வர்ற வரைக்கும் அவருதான் பொறுப்பு. அவர்கிட்ட குடு."

பழைய தலைவரிடம் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னைத்தான் கூட்டம் போட்டுத் தூக்கிட்டாங்களேம்மா. நான் சும்மா சாமி கும்புட வர்ற ஆளு. தலைவர் அவருதான், பேனர் பாக்கலியா நீ?"

கோவிலின் வாழ்க்கையிலேயே முதல் முறையாக இரண்டு கட்சியும் அடுத்தவர்தான் தலைவர் என்று ஒத்துக்கொண்ட நாள் அது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லி வைத்தவர்கள் இந்தத் தாமானைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். பூட்டை உடைத்துவிடலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். கோவில் விஷயம், சென்சிட்டிவ், மேலிடத்துக்கு எழுதிப் பதில் வரட்டும் என்றார். அவரும் அந்தப் பயிற்சிக்கு வந்தவர்தான். அவருக்கு நீலம்.

அந்த வாரம் தங்கையின் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சலுக்கும் தங்கைக்கும் இருந்த தூரம் இப்போது ஒரே ஒரு சுவர் என்று மனம் கணக்குப் போட்டது. அவள் தும்மினாலும் போன் செய்யச் சொல்லியிருந்தேன். அவளும் தும்மியதற்கெல்லாம் போன் செய்தாள், கிண்டலுக்கு. ஒவ்வொரு முறையும் முதல் மணியிலேயே எடுத்தேன். அவளைத் திட்டினேன். திட்டிவிட்டு, "காய்ச்சல் இல்லல்ல?" என்று கேட்டேன்.

நிறைவு விழா நெருங்கியது. ஒவ்வொரு குழுவும் தன் சாம்பியனை மேடைக்கு அழைத்து வர வேண்டும், மாநிலத்துப் பெரிய அதிகாரி கையால் அவருக்கு மாலை. டாக்டர்தான் எங்கள் குழுவுக்காக மைக் பிடிப்பவர். ஹோட்டலுக்கு வெளியே நின்று டாக்டரிடம் என் யோசனையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார்.

"அக்கா, இது சரியா? அந்த ஆளுங்கள கூப்ட்டு வச்சு..."

"நாம பொய் சொல்லப் போறதில்ல டாக்டர். தலைவர் வரணும்னு சொல்லப்போறோம். யாரு வர்றாங்களோ அவங்கதான் தலைவர்."

"ஓம்," என்றார் டாக்டர். பிறகு சிரித்துவிட்டார். "ரெண்டு மாலை வாங்குங்க. நல்ல பெருசா."

விழாவுக்கு நான் பழைய தலைவரை நேரில் போய் அழைத்தேன். புதியவரைக் குழு ஏற்கெனவே அழைத்திருந்தது. இருவரும் வெள்ளை வேட்டியில், ஆள் படையோடு, ஹோட்டல் கூடத்தின் இரண்டு ஓரங்களில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. எங்கள் முறை வந்தது. திரையில் துடைப்பத்தோடு மீசை தெரிந்தது. டாக்டர் மைக்கில் தமிழில், ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் கலக்காமல், பாடம் பண்ணியதை ஒப்பித்தார்.

"அடுத்து, நம் கோவில் தலைவர் அவர்களை மாலை மரியாதைக்காக மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்."

இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்தார்கள். நடந்தார்கள். நடை வேகமானது. மேடைப் படியில் இருவரும் ஒன்றாகக் கால் வைத்தபோது தோள்கள் இடித்துக்கொண்டன. பெரிய அதிகாரி இவர்களில் யார் என்று டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மிகவும் பணிவாக மைக்கை நீட்டி, "தலைவர் யாருங்க?" என்று கேட்டார்.

"நாந்தான் தலைவர்," என்றார் புதியவர்.

"என்னைத் தவிர யாரு தலைவர்? சாமிய தூக்கிட்டு வந்தவன் நான்!" என்றார் பழையவர். மைக்கில் நன்றாகவே கேட்டது. அவரவர் ஆட்கள் அவரவர் பக்கம் கைதட்டினார்கள். பயிற்றுநருக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனாலும் உணர்ச்சி வசப்பட்டு அவரும் கைதட்டினார்.

நான் தட்டோடு மேடை ஏறினேன். தட்டில் ஒரே அளவில் இரண்டு மாலைகள். அதற்குக் கீழே இரண்டு நோட்டீசுகள், இரண்டு பேனாக்கள். மாலை இரண்டும் ஒரே நேரத்தில் விழும்படி அதிகாரி ஒன்றையும் டாக்டர் ஒன்றையும் போட்டார்கள். கழுத்து நிறைந்ததும் தட்டை நீட்டினேன்.

"தலைவர் கையெழுத்துப் போடுற எடம் இது ஐயா. ரெண்டு பேரும் போடலாம், எடம் இருக்கு."

மாலையோடு நின்று, கூடம் முழுவதும் பார்க்க, நான் தலைவர் இல்லை என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டார்கள். புலிக் குழுவுக்குச் சிறந்த சமூகப் பங்கேற்புக்கான பரிசு கிடைத்தது. கண்ணாடியில் செய்த ஒரு புலி. எந்தப் பங்கேற்பைப் பாராட்டுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

மாலை வாடுவதற்குள் அன்றே அவர்களைத் தாமானுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கொட்டகை முன்னால் இரண்டு கட்சியும் கூடியது. நானும் டாக்டரும் கையுறையோடு நின்றோம். இரண்டு தலைவர்களும் சாவியை எடுத்தார்கள். எடுத்துவிட்டு நின்றார்கள். முதலில் யார் திறப்பது?

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கும் பேச்சுவார்த்தை நடந்தது. மூத்தவர் முதலில் என்றது ஒரு கட்சி. மேல் பூட்டு முதலில் என்றது இன்னொரு கட்சி, மேல் பூட்டு அவர்களுடையது. ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று டாக்டர் சொன்னார். யார் எண்ணுவது என்று அதற்கொரு சர்ச்சை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில். தகரக் கூரையின் ஓட்டை வழியே கொசு போய் வந்துகொண்டிருந்தது. அதற்குச் சாவி தேவைப்படவில்லை.

அப்போது பின்வேலிப் பக்கமிருந்து என் தங்கை வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில்.

"நீ ஏன்டி இங்க வர்றே, உள்ள போ!" என்று கத்தினேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நேராக அந்த இரண்டு பேர் முன்னாலும் போய் நின்றாள்.

"மாமா, யாரு மொதல்ல தொறந்தாலும் கொசு எங்க வீட்டுக்குத்தான் வருது. எனக்குப் பயமா இருக்கு மாமா. ரெண்டு சாவியும் குடுங்க."

பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். இத்தனை நாள் தும்மித் தும்மிப் போன் செய்தவள், எனக்காகத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள் போலும். வாயும் வயிறுமாக இருக்கிறவள் கேட்டு இல்லை என்று சொல்ல அங்கே எந்தக் கட்சிக்கும் தைரியம் வரவில்லை. பழையவர் சாவியைக் கொடுத்தார். புதியவரும் கொடுத்தார். அவள் இரண்டையும் என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். எந்தப் பயிற்சியிலும் அவளுக்கு யாரும் நிறம் பார்த்ததில்லை.

உள்ளே அண்டாக்கள் வாய் திறந்து வரிசையாக நின்றன. டார்ச் அடித்ததும் தண்ணீர் முழுக்க நெளிந்தது. எட்டிப் பார்த்த புதுத் தலைவர், "ஐயோ, ஜெந்திக்கா! இவ்ளோ கொசுப்புழுவா!" என்று பின்வாங்கினார். இரண்டு கட்சிப் பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி அண்டாக்களைக் கவிழ்த்தார்கள். இரண்டு மாலைகளும் ஒரே குப்பைப் பையில் போயின. சம்மனை இரண்டு பேருக்கும் எழுதினேன், பாரபட்சம் இல்லாமல்.

அதற்குப் பிறகும் கொசு கடித்துக் காய்ச்சல் காட்டும் நாள்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நாள்கள் கழியும்வரை தினமும் ஏதாவது சாக்கில் போய் அவள் நெற்றியைத் தொட்டேன். பயிற்றுநர் எங்கள் மேடைப் படத்தைத் தன் அடுத்த பயிற்சியில் காட்டுகிறாராம். ஒரு மாற்றத்துக்கு இரண்டு சாம்பியன் என்று இப்போது பாடம் மாறியிருக்கிறதாம். ஸ்பகெட்டிக் கோபுரம் மாறவில்லை என்று கேள்வி.

வளைகாப்பு கோவில் மண்டபத்தில் நடந்தது. அதே அண்டாக்களில், தேய்த்துத் தேய்த்து வெளுத்த அண்டாக்களில், புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும். குங்குமம் வாங்கிய எல்லா வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். முதல் வளையலை அத்தை போட்டார். அடுத்தது யார் என்ற இடத்தில் எனக்குப் பழைய பயம் வந்தது. இரண்டு தலைவர் மனைவிகளும் எழுந்து நின்றார்கள்.

"நீங்க போடுங்கக்கா," என்றார் புதியவரின் மனைவி.

"சே சே, நீ போடு. நீதான் சின்னவ, கைராசிக்காரி."

"இல்லக்கா, நீங்க மொதல்ல."

கடைசியில் தங்கைதான் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். "ரெண்டு கை இருக்குல்ல? ஆளுக்கொரு கை போட்டு முடிங்க, பசிக்குதுலா எனக்கு."

இருவரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து போட்டார்கள். என் முறை வந்தது. கண்ணாடி வளையலை ஏற்றும் சாக்கில் அவள் மணிக்கட்டைச் சற்று நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் காதுக்குள், "காய்ச்சல் இல்லக்கா," என்றாள். கை குளிர்ந்துதான் இருந்தது.